ஆல்ட்டோவுக்கு இன்ஜின் மாற்றிய கணக்கு



பதினாறு வருஷப் பழைய காருக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் செலவு பண்ணி இன்ஜின் மாற்றியிருக்கிறேன் என்ற செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பரவிவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து போன். பெங்களூரு மைத்துனரிடமிருந்து போன். 92ஆம் வருஷ மாணவர்கள் இரண்டு பேர், "சார், நீங்களா இப்படி?" என்று கேட்டே விட்டார்கள். முப்பத்து மூன்று வருஷம் கணக்குப்பதிவியல் நடத்தியவனுக்குக் கணக்கு பிசகிவிட்டது என்ற கவலை அவர்களுக்கு. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, முழுக் கணக்கையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

கார், மாருதி ஆல்ட்டோ எல்.எக்ஸ்.ஐ. 2009 ஜூலையில் பதிவானது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஓட்டுவது நான் அல்ல. எனக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுவது என் மனைவி. கிராம சுகாதார செவிலியராக இருந்தபோது, நாற்பத்தேழு வயதில் இந்தக் காரில்தான் ஓட்டக் கற்றார். இன்றுவரை வேறு காரைத் தொட்டதில்லை. வாரத்துக்கு இரண்டு முறை மரக்காணம் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கும் அவருடைய அக்காவைப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். போக 28 கிலோமீட்டர், வர 28. அந்த ஊருக்குப் பஸ் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று.

இரண்டு வருஷமாகவே இன்ஜின் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. முதலில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர். பிறகு அறுநூறுக்கு ஒரு லிட்டர். காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை. தீபாவளிக்குப் பிறகு அடியிலிருந்து டக் டக் என்று ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தார். முதல் சிலிண்டர் 140, இரண்டாவது 135, மூன்றாவது 85. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். மூன்றாவதில் ரிங் தேய்ந்துவிட்டது. சத்தம் கிராங்க் பேரிங்கிலிருந்து வருகிறது என்றார்.

இந்த மெக்கானிக் யார் என்று சொல்லவில்லையே. நம் பள்ளிக்கூடத்து மாணவர்தான், 1998இல் என்னிடம் படித்தவர். சந்தை ரோட்டில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், போட்டால் எல்லாரும் "சார் சொன்னார்" என்று தள்ளுபடி கேட்டு வருவார்களாம்.

அவர் முதல் நாளே மூன்று வழிகளைச் சொன்னார். ஒன்று, இதே இன்ஜினைப் பிரித்து போரிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் புதிதாகப் போடுவது. இரண்டு, இதே ரகத்தில் ஓடிய இன்ஜின் ஒன்றை வாங்கி மாற்றுவது. மூன்று, கொடுத்துவிடுவது. இருக்கிற நிலையில் 25,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்ள ஆள் இருந்தது.

நான்காவது வழி ஒன்றும் வந்தது. அதைச் சொன்னவர் ஓசூரில் கார் உதிரி பாகத் தொழிற்சாலையில் இருக்கும் என் மாணவர். "சார், மாத்துறதுதான் மாத்துறீங்க, கே10 இன்ஜினைப் போட்டுடுங்க. 998 சி.சி. பறக்கும்." பழைய ஆல்ட்டோ 47 குதிரைத் திறன், 2010இல் வந்த ஆல்ட்டோ கே10 67. வெளித்தோற்றத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். ஆசை எனக்கும் வந்தது, மறைக்கவில்லை. ஒரு சாயங்காலம் பட்டறையில் உட்கார்ந்து நானும் மெக்கானிக்கும் அதற்கும் ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தோம். இன்ஜின் மட்டும் வாங்கினால் போதாது. அதன் கியர் பாக்ஸ் வேண்டும். அதன் கம்ப்யூட்டர் பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி அதற்கான சாவியை மட்டும்தான் ஒத்துக்கொள்ளும், ஆகவே அந்தச் சாவியும் வேண்டும். ஒயரிங் முழுவதும் வேண்டும். ஆக்ஸில், சைலன்சர் முன்குழாய், மவுண்ட் உட்காரும் இடத்தில் வெல்டிங். கூடுதல் வேகத்துக்கு பிரேக்கும் பார்க்க வேண்டும். கூட்டல் ஒரு லட்சத்தைத் தாண்டியதும் பேனாவை மூடினேன்.

பணத்தைவிடப் பெரிய தடை வேறு. ஆர்.சி. புத்தகத்தில் 796 என்று இருக்கிறது. காரில் 998 இருக்கும். தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. சரி, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். ரோட்டில் யாரும் பார்க்க மாட்டார்கள். விபத்து ஒன்று நடந்து இன்சூரன்ஸ் ஆள் வரும்போது பார்ப்பார். வண்டியில் இருக்கப் போவது என் மனைவி. அதனால் கே10 பேச்சு அன்றோடு முடிந்தது. ஓசூர் தம்பி, கோபம் வேண்டாம்.

ரிப்பேர் பார்க்கும் வழியையும் கணக்குப் போட்டோம். கிராங்க் ஷாஃப்ட்டில் கோடு விழுந்திருந்தால் அதையும் கடைசல் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பாகங்கள், லேத் கூலி, ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 38,000 முதல் 45,000 வரை. பிரித்த பிறகுதான் முழுத் தொகை தெரியும் என்றார். எனக்கு அந்தக் கடைசி வாக்கியம் பிடிக்கவில்லை. ஓடிய இன்ஜினில் ஆபத்து இருக்கிறது, ஆனால் அதை வாங்கும் முன்பே சோதித்துப் பார்க்க முடியும்.

இப்போது பட்ஜெட்டுக்கு வருகிறேன்.

"இன்ஜின் எவ்வளவு?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். 21,000 என்று வைத்துக்கொண்டோம். ஆனால் இன்ஜினை வெளியே எடுத்தால் கை எட்டாத இடமெல்லாம் எட்டும். பிறகு தனியாகச் செய்தால் இரண்டாம் முறை கூலி கொடுக்க வேண்டிய வேலைகளை அப்போதே முடித்துவிட வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் 3,400. டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் 2,700. வாங்கும் இன்ஜினில் பெல்ட் நன்றாக இருப்பதாகத் தெரிந்தாலும் மாற்றிவிட வேண்டும், அதன் வயது யாருக்கும் தெரியாது. ஆயில் சீல், கேஸ்கெட் 2,400. ரப்பர் மவுண்ட் மூன்று 2,600. ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் 4,600. இதை விட்டுவிடலாமே என்று மைத்துனர் சொன்னார். பழைய ரேடியேட்டர் அடைத்துக்கொண்டு புது இன்ஜின் சூடேறினால் 21,000 ஒரே நாளில் போகும். ஆயில், ஃபில்டர், கூலன்ட், கியர் ஆயில், பிளக் 2,800. சென்னை போய்வர, இன்ஜினை ஏற்றி வர 3,000. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், இன்சூரன்ஸ் மாற்றம், நகல் எடுக்க, அலைய 2,500.

அடுத்த வரி கூலி. அங்கேதான் எனக்கும் மெக்கானிக்குக்கும் வாக்குவாதம்.

அவர் எழுதிக் கொடுத்த எஸ்டிமேட்டில் கூலி என்ற வரியே இல்லை.

"கூலி எங்கே?"

"என்ன சார் இது, உங்ககிட்ட போய் கூலியா? நல்லா இருக்காது சார்."

"நாளைக்கு வண்டியில ஏதாவது சத்தம் வந்துச்சுன்னா நான் உன்கிட்ட எப்படி வந்து கேட்பேன்?"

"எப்ப வேணா வாங்க சார், நான் பாக்கறேன்."

"நீ பார்ப்பே. எனக்குத்தான் வாய் வராது. அம்மா தனியா ஓட்டிட்டுப் போற வண்டி. சின்னச் சத்தம் வந்தாலும் நான் வந்து கேட்கணும், நீ பதில் சொல்லணும். சும்மா செஞ்சவன்கிட்ட நான் எந்த வாயால கேட்கிறது?"

கொஞ்ச நேரம் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே நின்றார். பிறகு 4,000 என்று எழுதினார். "தெரியாத ஆள் வந்தா எவ்வளவு எழுதுவே?" என்றேன். ஒன்பது என்றார். நானே 4ஐ அடித்து 9,000 என்று எழுதினேன். அதன் பிறகு இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒரு காரியம் செய்தார். எஸ்டிமேட்டின் பின்பக்கம், தான் என்னென்ன வேலை செய்து கொடுப்பேன், ஆறு மாதத்துக்குள் எதற்கெல்லாம் தான் பொறுப்பு என்று ஒன்பது வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூலி வாங்காமல் இருந்திருந்தால் அந்தத் தாள் எனக்குக் கிடைத்திருக்காது.

எல்லாம் கூட்டினால் 54,000. அதில் இன்ஜின் 21,000, பாதிகூட இல்லை. அதன்மேல் எதிர்பாராத செலவுக்கு நூற்றுக்குப் பதினைந்து, 8,100. ஆக 62,100. இதோடு இன்னொரு தொகையையும் எழுதினேன். 65,000. எந்தக் கட்டத்திலும் செலவு இதைத் தாண்டும் என்று தெரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, இருப்பதை விற்றுவிடுவது. நானும் மனைவியும் அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டோம். சிரிப்பவர்கள் சிரிக்கலாம். காரைப் பிரித்துப் போட்டிருக்கும்போது எந்த மனுஷனுக்கும் "இவ்வளவு செஞ்சாச்சு, இன்னும் ஐயாயிரம்தானே" என்றுதான் தோன்றும். அதை முன்கூட்டியே தடுக்க ஒரு கோடு வேண்டும்.

சம்பந்தி கேட்டது நியாயமான கேள்வி: "நல்லா ஓடுனாலும் எழுபதாயிரம் போகாத வண்டிக்கு அறுபதாயிரம் செலவா?" விற்பதாக இருந்தால் அவர் சொல்வது சரி. நான் விற்கவில்லை. 2024இல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி.யைப் புதுப்பித்தோம் (2022 ஏப்ரலிலிருந்து அந்தக் கட்டணம் 600இலிருந்து 5,000 ஆகிவிட்டது, தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்). 2029 ஜூலை வரை செல்லும். மீதி 40 மாதம். இன்ஜின் அதற்குமேலும் ஓடலாம், ஆனால் கணக்கில் நான் எடுத்துக்கொண்டது 40 மாதம்தான். 62,100ஐ வகுத்தால் மாதம் 1,550 ரூபாய்க்குச் சற்று மேல். மரக்காணம் பக்கம் டாக்சி வைத்தால் காத்திருக்கும் நேரத்தோடு ஒரு முறைக்கு 1,100. மாதம் எட்டு முறை, 8,800. சொந்தக் காரில் பெட்ரோல் 2,500, இன்சூரன்ஸ் சர்வீஸ் எல்லாம் ஓர் ஆயிரம், இன்ஜின் 1,550. கூட்டிப் பாருங்கள்.

போன வருஷம் நாலு டயர் மாற்றியது 14,000. "அந்த டயருக்காகவாவது வண்டியை வெச்சுக்கோங்க" என்று ஒரு உறவினர் ஆதரவாகவே சொன்னார். நன்றி, ஆனால் அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அந்தப் பணம் போனது போனதுதான். மூழ்கிய செலவு என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்!

வேறு கார் வாங்கலாமே என்றவர்களுக்கு என் மனைவி சொன்ன பதிலையே தருகிறேன். "எனக்கு இந்தக் காரோட மூஞ்சி எங்க முடியுதுன்னு கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அறுபத்து மூணு வயசுல இன்னொரு மூஞ்சியை எங்க போய்க் கத்துக்கிறது?"

இன்ஜின் வாங்கும் முன் ஒரு வேலை செய்தோம். மாற்றப் போகாத பாகங்களை முதலில் பார்த்தோம். காரைத் தூக்கி நிறுத்தி, தரைத் தகடு, சேஸிஸ், சஸ்பென்ஷன் உட்காரும் இடம், கியர் பாக்ஸ் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தட்டிப் பார்த்தார். இடது முன் சக்கரத்துக்கு மேலே கொஞ்சம் துரு. மற்றபடி கெட்டி. தரை உளுத்திருந்தால் அன்றே 25,000க்குக் கொடுத்திருப்போம்.

புதுப்பேட்டைக்கு ஒரு புதன்கிழமை ரயிலேறினோம். எழும்பூரில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். போகாதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். கூவத்துக்குப் பக்கத்துச் சந்துகளில் ஒரு கடை முழுக்கக் கதவுகள், ஒரு கடை முழுக்க சைலன்சர், ஒரு கடையில் விளக்குகள் மட்டும் கண் கண்ணாக அடுக்கி வைத்திருக்கும். இன்ஜின்கள் பழைய டயர் மேல் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கும். எங்களுக்கு வேண்டியது எஃப்8டி, அதுவும் எங்கள் காரின் காலத்தது. 2012இல் வந்த ஆல்ட்டோ 800லும் அதே பெயர், அதே 796 சி.சி., ஆனால் மாற்றங்கள் செய்துவிட்டார்கள். அதை எடுத்தால் மறுபடி ஒயர், சென்சார் தலைவலி.

முதல் கடையில் 17,000 சொன்னார்கள். எங்கள் பட்ஜெட்டைவிட நாலாயிரம் குறைவு. இன்ஜின் பார்க்கவும் சுத்தம். "எந்த வண்டியில இருந்து எடுத்தது? அதோட ஆர்.சி. நகல் இருக்கா?" என்றேன். "அதெல்லாம் எதுக்கு சார், பில் தர்றோம்" என்றார் கடைக்காரர். மெக்கானிக் நம்பர் குத்தியிருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த இடம் மட்டும் வழவழவென்று இருந்தது. வெளியே வந்துவிட்டோம்.

நான்காவது கடையில் கிடைத்தது. பின்பக்கம் இடிபட்டு வந்த 2010 ஆல்ட்டோவின் இன்ஜின். கியர் பாக்ஸோடு இருந்ததால் பேட்டரி கொடுத்து ஸ்டார்ட்டரால் சுற்றிப் பார்க்க முடிந்தது. ஓடியது 62,000 கிலோமீட்டர்தான் என்றார். அதை நான் நம்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. கேஜ் 165, 160, 160 காட்டியது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் உள்ளே பால் நிறப் பசை இல்லை, கரித்தார் இல்லை. பிளக்கின் நுனி காய்ந்த பழுப்பு. ஹெட் போல்ட்டில் யாரும் ஸ்பேனர் போட்ட அடையாளம் இல்லை. ஆர்.சி. நகல் இருந்தது, நம்பர் பொருந்தியது. 24,000 சொல்லி, இன்ஜினை மட்டும் தனியாக 20,000க்குக் கொடுத்தார். பதினைந்து நாள் டெஸ்டிங் வாரண்டி. சரியில்லை என்றால் வேறு இன்ஜின் தருவார்கள், பணம் வராது. பில்லில் இன்ஜின் நம்பரை எழுத வைத்தேன். கடைக்காரர், "சார் வாத்தியாரா?" என்று கேட்டார்.

மாற்றும் வேலை ஆறு நாள். எங்கள் பழைய கம்ப்யூட்டர் பெட்டி, ஒயரிங், இன்ஜெக்டர், ஆல்ட்டர்னேட்டர் எல்லாம் அப்படியே புது இன்ஜினுக்கு வந்துவிட்டன. சாவிக்கும் அதனால் பிரச்சினை வரவில்லை. எதிர்பாராத செலவில் கை வைத்தது நான்கு விஷயத்துக்கு. ஆக்ஸில் பூட் கிழிந்திருந்தது, 1,150. ஆக்சிஜன் சென்சார் துருப்பிடித்துக் கழற்றும்போது உடைந்தது, 1,900. சைலன்சர் போல்ட், கேஸ்கெட் 450. கிளட்ச் கேபிள் 400. ஆக 3,900. இன்ஜினில் ஆயிரம் மிச்சமானதால் மொத்தச் செலவு 56,900. பழைய இன்ஜின் 4,500க்குப் போனது. நிகரம் 52,400.

ஆர்.சி. விஷயத்தில் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். இதே ரக இன்ஜின் என்றாலும் நம்பர் மாறுகிறது. முன்பே விண்ணப்பித்து அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு தெரிவிக்க வேண்டும். பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் கேட்டார்கள். அந்த 17,000 ரூபாய் இன்ஜினை வாங்கியிருந்தால் என்ன காட்டியிருப்பேன் என்று கவுன்டரில் நிற்கும்போது நினைத்துக்கொண்டேன். ஆய்வாளர் பானெட்டைத் திறந்து நம்பரைப் பார்த்துக் கையெழுத்திட்டார். புது ஆர்.சி. வந்த கையோடு இன்சூரன்ஸிலும் நம்பரை மாற்றிவிட்டோம். வண்டிக்குக் கடன் பாக்கி இருப்பவர்கள் கடன் கொடுத்த நிறுவனத்தின் சம்மதமும் எழுத்தில் வாங்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு மதிப்பெண் வினா: இந்தச் செலவு முதலினமா, வருவாயினமா? கே10 போட்டிருந்தால் திறன் கூடியிருக்கும், முதலினம் என்று வாதாடலாம். அதே திறனுள்ள இன்ஜின் போட்டதால் வருவாயினம். 40 மாதம் பயன் தருவதால் நீள்பயன் வருவாயினம் என்று எழுதுபவர்களுக்கும் மதிப்பெண் உண்டு. பின்னூட்டத்தில் எழுதுங்கள், திருத்தித் தருகிறேன்.

இதுவரை 1,200 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஆயில் குச்சியில் அளவு இறங்கவில்லை. இரண்டாவது வாரம் மூன்றாம் கியரில் ஒரு சின்ன அதிர்வு இருப்பதாக மனைவி சொன்னார். நேரே பட்டறைக்குப் போய்க் கேட்டேன். மெக்கானிக் எஸ்டிமேட் தாளைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மவுண்ட் போல்ட்டைத் தளர்த்தி மறுபடி முடுக்கினார், போய்விட்டது.

எதிர்பாராத செலவுக்கு ஒதுக்கியதில் 4,200 மிச்சம் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நேற்று பார்த்தால் அதன் கீழே மனைவியின் கையெழுத்தில் ஒரு வரி: "சீட் கவர் 2,200." எந்தக் கணக்கில் பற்று வைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.